கொழும்பில் ஆறு நாள், ஒரு முழப் பன்

2025 ஒக்டோபர் 8, புதன் – வெள்ளவத்தை

பஸ்ஸின் ஏசி ஒழுகியது. மட்டக்களப்பில் ஏறினதில் இருந்து ஹபரணை தாண்டும் வரைக்கும் என் இடது தோளில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. கொண்டக்டரிடம் சொன்னேன். அவர் ஒரு பொலித்தீன் பையைக் கிழித்துக் கொண்டுவந்து தோளில் போர்த்திவிட்டு, மேடையில் பொன்னாடை போர்த்தினவர் மாதிரி ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் போனார். கோபப்படவும் முடியவில்லை.

விடிய ஐந்து மணிக்குப் பெரியம்மா வீடு. நாலாம் மாடி, லிஃப்ட் மூன்று வாரமாகப் படுத்துக் கிடக்கிறது. குளித்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, எட்டரைக்கெல்லாம் மகனுடைய சான்றிதழ் அலுவலாக வந்த இடத்தின் வாசலில் நின்றேன். “உங்களுக்குத் திங்கட்கிழமைக்கு மாத்தியிருக்கே, மெசேஜ் வரல்லையா?” என்றார் கண்ணாடிக்கு உள்ளே இருந்த பிள்ளை. போனைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். “சில பேருக்கு வரல்லத்தான்” என்று ஒத்துக்கொண்டார். அதோடு சரி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஊருக்குப் போய்த் திரும்பி வர மட்டும் பதினாறு மணித்தியாலம் பஸ்ஸில். இங்கேயே இருந்துவிடுவது என்று முடிவெடுத்தேன். “லீவு எண்டு நினை பிள்ளை” என்றார் பெரியம்மா. என் அம்மாவின் கூடப்பிறந்த அக்காதான். யாழ்ப்பாணத்துக்காரரைக் கட்டி நாற்பது வருசம் வெள்ளவத்தையில் இருந்ததில் எங்கள் ஊர்ப் பேச்சு வாயில் இருந்து போயே போய்விட்டது. அம்மாவோடு போனில் கதைக்கும்போது மட்டும் திரும்பி வரும்.

பின்னேரம் மழைக்கு முன்னால் கால்வாய்ப் பக்கம் நடந்தேன். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கொங்கிரீட் கரையில் ஒரு வெடிப்பு. அதற்குள் இருந்து கடும்பச்சையாக ஒரு குத்துக் கோரை, எங்கள் ஊரில் பாய் இழைக்கிற பன் மாதிரி, ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. தண்ணீரில் சோடாப் போத்தல்களும் ஒரு கால் செருப்பும். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ 60 ரூபாய். குடித்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் எடுத்து, விளையாட்டாகச் சொன்னேன்: “கொழும்பிலயும் பன் இருக்கும்மா.”

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. பத்து வயதில் இருந்து பன்பாய் இழைத்தவர். இரண்டு வருசமாக இழைக்கவில்லை. கைப் பெலன் குறையவில்லை, பன்தான் இல்லை. எங்கள் குளத்துக்கு அங்கால் தண்ணீர் தேங்கி நின்ற பள்ளத்தில், வில்லு என்போம், பாதிக்கு மண் கொட்டியாயிற்று. மீதியை ஆகாயத்தாமரை மூடிவிட்டது.

“மூலையா, உருளையா?” என்றார்.

“என்னது?”

“தண்டக் கேக்கன் மகள். விரலுக்குள்ள வெச்சு உருட்டிப் பாரு. மூலை தட்டுதா, வழுவழுண்டு உருளுதா?”

நடுவில் கம்பிவேலி. எட்டவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், குடையை நீட்டி அதைக் கிட்ட இழுக்கிற எண்ணத்தையும் விட்டுவிட்டேன். “நாளைக்குப் பாத்துச் சொல்றன்” என்றேன். அதுதான் பிழை. அம்மா எதையும் மறக்கிற ஆள் இல்லை.

ஒக்டோபர் 9, வியாழன் – பெத்தகான, கோட்டே

பெரியப்பா சொன்னார்: “கோரை பாக்கிறதெண்டால் பாராளுமன்றப் பக்கம் போ.” பகிடி என்று நினைத்தேன். இல்லையாம். கோட்டேயில் பெத்தகான என்ற இடத்தில் சதுப்பு நிலத்தைப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். ஓட்டோவுக்கு 940 ரூபாய். ஓட்டோத் தம்பி நாவலப்பிட்டிக்காரர். “அங்க என்னக்கா இருக்கு, வெறும் புல்லுதானே?” என்று வழியெல்லாம் கவலைப்பட்டார்.

புல் இல்லை என்பதுதான் இன்றைக்கு நான் படித்த முதல் பாடம். மரப்பலகை நடைபாதையில் பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி, முழங்கால் வரை ரப்பர் சப்பாத்தும் கையில் அளவுநாடாவுமாக நின்றாள். என்னுடையது கடைச் சிங்களம்; அவளுடையது சுவரொட்டித் தமிழ். இரண்டையும் கூட்டி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். புல்லுக்குத் தண்டில் கணு இருக்கும், உள்ளே பெரும்பாலும் குழல். கோரைக்குக் கணு இல்லை, உள்ளே சோறு மாதிரி அடைத்திருக்கும். அநேகமான கோரைகளின் தண்டு மூன்று மூலை. இலையும் மூன்று வரிசையாகத்தான் விடும். உடைந்து விழுந்து கிடந்த ஒரு தண்டை எடுத்து என் கையில் தந்தாள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினேன். டக், டக், டக். மூலைதான். விளிம்பு ஒன்று விரலைக் கொஞ்சம் கீறியும் விட்டது.

“துன்ஹிரிய” என்றாள். ‘துன்’ என்றால் மூன்று. அந்த மட்டுக்கு என் சிங்களம் போதும். தாவர நூலில் அதற்கு அக்டினோசிர்பஸ் குரோசஸ் என்று பெயராம். ஆளை விட உயரமாக வளரும். சேற்றுக்குள் கொடி ஓட்டி, அதில் சின்னச் சின்னக் கிழங்கு வைத்துப் பரவும். வயல்காரனுக்குக் களை, பாய்காரிக்கு நார்.

தண்டைக் குறுக்கே நகத்தால் வெட்டிக் காட்டினாள். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மூன்று பக்கமும் தோல் மினுமினுவென்று இறுக்கம். உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சு. பஞ்சு என்றால் முழுப் பஞ்சும் இல்லை, தேன்வதை மாதிரி சின்னச் சின்ன அறை. அத்தனையும் காற்று. சேற்றுக்குள் காற்று கிடையாது, வேர் மூச்சுத் திணறிச் சாகவேண்டும். இந்தச் செடி மேலே இருந்து தண்டு வழியாகக் காற்றைக் கீழே இறக்கி வேருக்குக் கொடுக்கிறது. வேரில் இருந்து கசிகிற காற்று பட்ட இடத்தில் சேற்றில் உள்ள இரும்பு துருப்பிடிக்குமாம். பிடுங்கினால் வேரைச் சுற்றி செங்கல் நிறமாக ஒரு பூச்சு இருக்கும் என்றாள். அம்மா பன் அலசும்போது வாளித்தண்ணீர் ஏன் சிவக்கிறது என்று சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன். “சேறுடி” என்பார். இப்போதுதான் விளங்குகிறது.

பன் என்று நாம் பொதுவாகச் சொல்வதும் ஒரு செடி இல்லை. சிங்களத்திலும் ‘பன்’தான். ஹம்பு பன் என்பது நம்முடைய சம்பு. பழுப்பு நிறத்தில் மெழுகுதிரி மாதிரிப் பூக்கிறதே, அது. கோரைச் சாதியே கிடையாது. எட பன் என்று இன்னொன்று: லெபிரோனியா ஆர்டிகுலாட்டா. அந்தப் பேரினத்தில் அது ஒன்றே ஒன்று. மடகஸ்கரில் இருந்து இலங்கை, மலேசியா என்று போய் அவுஸ்திரேலியா வரை தண்ணீர் தேங்குகிற இடங்களில் நிற்கிறது. அதன் தண்டு உருண்டை, சாம்பல் பூத்த பச்சை. உள்ளே குறுக்குக் குறுக்கே தடுப்புச் சுவர். பூ நுனியில் வராமல் நுனிக்குக் கொஞ்சம் கீழே, பக்கவாட்டில் பொத்தான் தைத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆழம் குறைந்த, ஆண்டு முழுக்க வற்றாத தண்ணீரும் நல்ல வெயிலும் வேண்டும், நிழல் ஆகாது. இதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தில் பெற்ற மகளைப் பற்றிப் பேசுகிற பெருமை. “இங்கே இருக்கிறதா?” என்று கேட்டேன். அவள் அளந்த மூலையில் இல்லை என்றாள்.

நாங்கள் நின்ற இடத்தில் கோரையை விட ஒரு மரம்தான் கூட. மஞ்சள் பச்சையாகச் சீத்தாப்பழம் மாதிரிக் காய். ‘வெல் அத்த’ என்கிறார்கள். அமெரிக்கப் பக்கத்தில் இருந்து வந்து கொழும்புச் சதுப்பெல்லாம் பிடித்துக்கொண்ட மரம். நிழல் விழுந்த இடத்தில் கோரை செத்துவிடும். வெட்டினாலும் துளிர்க்கிறது என்று சலித்துக்கொண்டாள். திறந்த பக்கம் நீலத் தாழைக்கோழி ஒன்று கோரைத்தண்டை ஒரு காலால் பிடித்து, கரும்பு மாதிரிக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. ஒரு கபரகொய்யா, தண்ணீர் உடும்பு, பலகைப் பாதையைக் குறுக்கே கடந்தது. அவசரமே இல்லை. நாங்கள்தான் நின்று வழிவிட்டோம்.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. பறவை பார்க்கிற குடிலுக்குள் ஓடினால் அங்கே ஏற்கனவே ஒரு சோடி. அவர்களிடம் குடை இருந்தது. விரித்துத்தான் வைத்திருந்தார்கள், மழைக்கு அல்ல. முக்கால் மணித்தியாலம் நான் வெளியே பார்க்க, அவர்கள் குடைக்குள்ளே பார்க்க, மழை அதன் பாட்டில் பெய்தது. ஒரு காரியம் கண்ணால் கண்டேன்: நடைபாதைக்கு அங்கால் ரோட்டில் தண்ணீர் பாய்ந்தோடிக்கொண்டிருந்தது, கோரைக்குள் வந்ததும் ஓட்டம் நின்று போயிற்று. ஒரு தண்டும் சாயவில்லை. தண்ணீர் மட்டும் மெல்ல மெல்ல ஒரு விரல்கடை ஏறியது.

பசிக்கு பத்தரமுல்லைப் பக்கம் ஒரு சோற்றுக் கடை. 450 ரூபாய்க்கு சோறு, பருப்பு, கங்குன் வறை, கொஹில கிழங்குக் கறி, சூரைமீன். கங்குனும் கொஹிலயும் இதே சேற்றுப் பயிர்கள்தான். கொஹில கொஞ்சம் நார், நாக்கில் லேசான காறல். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன். பரிமாறின அம்மா நான் சிங்களத்தில் தடுமாறுவதைப் பார்த்து, காசு வாங்கும்போது ஒவ்வொரு நோட்டாக என் கையில் வைத்துத் தமிழில் எண்ணினார். அவருக்கு ‘நானூறு’ வராது. ‘நாலு நூறு’ என்றார்.

இரவு பெரியப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். வரலாறு என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைச்சர் அழகக்கோனார் கோட்டேயில் கோட்டை கட்டினதே யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் படையைத் தடுக்கத்தான். சுற்றிவர ஆறும் சேறும் கோரையும். யானையும் இறங்காது, ஆளும் இறங்க மாட்டான். பிறகு 1450இல் அதே கோட்டேயில் இருந்து இளவரசன் செண்பகப் பெருமாள் புறப்பட்டுப் போய் யாழ்ப்பாணத்தையே பிடித்தான். “எங்கட ஆக்கள் உள்ளுக்க வராமல் இருக்க விட்ட சேறு. இப்ப வெள்ளம் வெள்ளவத்தைக்கு வராமல் எங்கட ஆக்களையே காப்பாத்துது” என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

“எங்க காப்பாத்தினது? 2010இல பாராளுமன்றத்துக்கே வெள்ளம் வந்ததுதானே” என்றார் பெரியம்மா குசினியில் இருந்து. அதுவும் உண்மை. அந்த நவம்பரில் பாராளுமன்ற வளவே தண்ணீருக்குள் இருந்தது. சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி நடுவில் கட்டி 1982இல் திறந்த கட்டடம். தண்ணீர் பழைய இடத்தைத் தேடி வந்திருக்கிறது. பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, பிறகு சுற்றிவர மண் போட்டு நிரப்பின காணிகளின் பட்டியலைத் தொடங்கினார். நான் நித்திரைக்குப் போய்விட்டேன்.

ஒக்டோபர் 10, வெள்ளி – புறக்கோட்டை, வெல்லம்பிட்டி

அம்மா காலையிலேயே போன் எடுத்துவிட்டார். “மூலை” என்று அறிக்கை கொடுத்தேன். “மூலைப் பன் முரடு. உருளைதான் பாய்க்கு. சரி, பாய் விக்கிற கடையில போய் என்னத்துல இழைக்கிறாங்கண்டு கேளு.” ஆறு நாள் லீவு என்று ஆர் சொன்னது?

புறக்கோட்டையில் பாய்க் கடைகளைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம். எல்லாம் பிளாஸ்டிக். மயில், ரோசாப்பூ, மக்கா, தாஜ்மகால். 850 ரூபாயில் இருந்து. பன்பாய் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். கடைசியில் ஒரு பழைய கடையைக் காட்டினார்கள். போய்ச் சேர்ந்தபோது பாதிக் கதவு போட்டாயிற்று: ஜும்ஆ. வெள்ளிக்கிழமை என்பதை மறந்து வந்தது என் மடத்தனம். பக்கத்து முட்டுச்சந்தில் நின்று ஒரு மாலுபணிசும் நெக்டோவும். பணிசுக்குள் மீன் எங்கேயோ ஒரு ஓரத்தில் தனியாக இருந்தது.

ஒன்றே முக்காலுக்குக் கடை நானா திரும்பி வந்தார். தலைத்தொப்பி, அத்தர் வாசம், வயது எழுபதுக்குக் கிட்ட.

“எந்த ஊர் மகள்?”

சொன்னேன்.

“பன்பாய் நாட்டில இருந்து கொழும்புக்கு வந்து பன்பாய் தேடுறீங்களே! கலியாண வீட்டுக்கா?”

அம்மாவுக்கு என்றேன். மேல்தட்டில் இருந்து இரண்டு பாய் இறக்கினார். ஆறடி, 2,200 ரூபாய். கறுப்பும் சிவப்பும் கரை; நடுவில் சாயம் போடாத வைக்கோல் நிறம். ஒன்றைப் புரட்டி, முடிச்சுப் போட்ட ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். பதினைந்து வருசம் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பன் எடுத்துக் கொடுத்த கைக்கு அந்தக் கதகதப்பு தெரியும். ஆனால் இழைத்த பிறகு மூலையும் இல்லை, உருளையும் இல்லை; எல்லாம் சப்பை. அடித்துச் சப்பையாக்கித்தானே இழைக்கிறது. இதைப் போய் நான் யோசிக்கவில்லை. நானாவுக்கும் என்ன பன் என்று தெரியாது. “வாறது வருது, விக்கிறன்.”

ஆனால் பன் செடி தெரியும். “எங்கட வீட்டுக்குப் பின்னால காடு மாதிரி நிக்குது மகள். வெல்லம்பிட்டி.” 2016 மே மாத வெள்ளத்தில் அவருடைய வீட்டு யன்னல் கட்டு வரை தண்ணீர். மூன்று நாள் மொட்டை மாடியில் இருந்தார்களாம். “அந்த வளவு முந்தி எல்லாம் பன்தான். தண்ணி வரும், நிக்கும், போகும். இப்ப வீடு. தண்ணிக்கு எங்க போறது எண்டு தெரியல்ல.” இதைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நின்று, “என்ட வீடும் அதுலதான் இருக்கு” என்றார். இப்படிச் சொல்கிற ஆளை நான் அதிகம் கண்டதில்லை. பாயில் 200 ரூபாய் குறைத்தும் தந்தார்.

பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெல்லம்பிட்டிக்குப் பஸ் ஏறினேன். நெரிசல். பாயின் நுனி ஒரு ஐயாவின் காதுக்குள் போய்விட்டது. “பரவால்ல மகள், பரவால்ல” என்று இரண்டு ஹோல்ட் வரை தலையைச் சரித்துக்கொண்டே வந்தார்.

கால்வாய்க் கரையில் நாலைந்து பேர் நீளக் கத்தியோடு இறங்கி, கோரையையும் ஆகாயத்தாமரையையும் வெட்டிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புச் சேற்றில் இருந்து முட்டை அழுகின மணம். அவர்களில் ஒரு தம்பி தமிழ். “போட்டோ எடுக்கவா மிஸ்?” என்று கேட்டார். எப்படித்தான் எல்லாரும் என்னை ரீச்சர் என்று கண்டுபிடிக்கிறார்களோ. ஒரு தண்டு வேண்டும் என்றேன். குவியலில் ஏறி, நல்லதாக ஒன்று தேர்ந்து, சேற்றைத் தன் சாரத்தில் துடைத்து, இரண்டு கையாலும் தந்தார். பிரசாதம் தருகிற மாதிரி. ஒரு முழம்தான் தேறியது; மீதி நைந்து கிடந்தது. உருட்டிப் பார்த்தேன். மூலை.

வெட்டுகிறதும் வேண்டியிருக்கிறது, அவர் சொன்னது நியாயம்: கால்வாய்க்குள் வளர்ந்தால் ஓட்டம் அடைபடும். சதுப்பில் இருந்தால் தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும். ஒரே செடி. நிற்கிற இடத்தைப் பொறுத்துத்தான் காவல்காரனும் கள்ளனும். பிறகு மழை. நானும் பாயும் நனைந்தோம். தண்டு ஏற்கனவே நனைந்ததுதான்.

ஒக்டோபர் 11, சனி – முத்துராஜவெல

இது பெரியப்பாவின் யோசனை. கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் நடுவில் சுமார் 3,000 ஹெக்டேயர் சதுப்பு. அதற்கு மேலே நீர்கொழும்புக் களப்பு. படகில் போய்ப் பார்க்கலாம். விடியவே கிளம்பி பமுணுகமப் பக்கம் இறங்கினோம். பெரியம்மா ‘கடல்காத்து’ என்று கூடவே வந்தார். வந்து இறங்கினதும் மாதா கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். சைவப் பழம். ஆனால் மின்விசிறி நல்லாய் வேலை செய்கிறது என்றார்.

படகுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். சிங்களத்தில்தான் தொடங்கினார். நான் பெரியப்பாவிடம் தமிழில் ஏதோ கேட்டதும், “எங்க அம்மம்மா வீட்டுல தமிழ்தான் பேசினது” என்றார், பழைய தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. மூன்று தலைமுறையில் மாறிவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரியாது. தனக்கு மீன் பேர்களும் செபமும் மட்டும் தமிழில் வரும் என்றார். பெரியப்பா மீன் பேர்களைக் கேட்கத் தொடங்கினார். ‘திரளி’, ‘கெளுத்தி’ என்று இரண்டு பேரும் பாடம் ஒப்புவித்துக்கொண்டே ஹமில்டன் கால்வாயில் போனோம்.

இந்தக் கால்வாயை ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்தார்கள். சதுப்பில் இருந்து உப்புத் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடியும் வயலாக்க நினைத்தார்கள். முத்துராஜவெல என்ற பெயரிலேயே வயல் இருக்கிறது. ஒரு காலத்தில் ராசாவுக்கு முத்துச் சம்பா விளைந்த இடம் என்று படகுக்காரர் விளக்கம் சொன்னார். வயல் திரும்பி வரவில்லை. கோரையும் சம்பும் கண்டலும் வந்தன. உப்புக் கூடின பக்கம் கண்டல். நன்னீர்ப் பக்கம் போகப் போகக் கோரை. கண்ணால் பார்க்கவே கோடு தெரிகிறது. படகு போகிற பாதையிலேயே ஒரு இடத்தில் கண்டல் வேர் முடிந்து பச்சைச் சுவர் தொடங்குகிறது.

அந்தச் சுவருக்குள் படகு நுழைந்ததும் காற்று நின்றது. வெயில் மேலே எரிக்க, கீழே இருந்து ஒரு குளிர்ச்சி. தண்ணீர் தேத்தண்ணிச் சாயம். உதிர்ந்த தண்டும் இலையும் தண்ணீருக்கு அடியில் காற்றில்லாமல் உக்காமலே படிந்து படிந்து கறுப்பு மண்ணாகிக் கிடக்கிறது. படகுக்காரர் துடுப்பைச் செங்குத்தாக இறக்கினார். அவர் உயரத்துக்கு இறங்கியது. தரை தட்டவில்லை. இழுத்தபோது ‘புளுக்’ என்று ஒரு குமிழ்.

அங்கேதான் எஞ்சின் நின்றது. ஆகாயத்தாமரை வேர் காத்தாடியில் சுற்றிக்கொண்டுவிட்டது. அதற்கு இவர்கள் வைத்த பெயர் ‘ஜப்பான் ஜபரா’, தென்னமெரிக்கச் செடிக்கு. படகுக்காரர் சட்டையைக் கழற்றி, சிலுவைச் சங்கிலியை வாய்க்குள் கவ்விக்கொண்டு இறங்கினார். நெஞ்சளவு சேறு. அரை மணித்தியாலம் பிய்த்தார். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பாகூடப் பேசவில்லை. கோரைக்குள் ஏதோ சின்னது சரசரத்தது. ஒரு கொக்கு எங்களுக்கு மூன்று முழத்தில் வந்து நின்று, நாங்கள் மீன் இல்லை என்று தெரிந்துகொண்டு போயிற்று. எனக்குக் கையெட்டும் தூரத்தில் உருண்டைத் தண்டோடு ஒரு குத்து நின்றது. சரணாலயம், பிடுங்கக்கூடாது. பிடுங்கவில்லை. இரண்டு விரலால் உருட்டிப் பார்க்கக்கூடாது என்று சட்டம் இல்லை. உருண்டது. கொஞ்சம் அழுத்தினேன், உள்ளே சுவர் எதுவும் தட்டுப்பட்ட மாதிரி இல்லை, பூவும் நுனியில்தான். எட பன் இல்லை, அதன் தூரத்துச் சொந்தம் ஏதோ.

தமிழ் ரீச்சர் புத்தி போகாதே: சங்கப் பாட்டுகளில் ‘பைஞ்சாய்ப் பாவை’ வரும். சாய் என்றால் கோரை. பெண்பிள்ளைகள் பச்சைக் கோரையில் பொம்மை செய்து விளையாடியிருக்கிறார்கள். வகுப்பில் இருபது வருசமாகச் ‘சாய் – ஒருவகைக் கோரை’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கிறேன். ஒருவகை என்றால் எந்த வகை என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. அம்மா என் வகுப்பில் இருந்திருந்தால் கேட்டிருப்பார். மூலையா, உருளையா?

திரும்பும்போது படகுக்காரர் கூடக் காசு வாங்க மறுத்தார். எஞ்சின் நின்றது தன் பிழை என்றார். பெரியம்மா கோயில் வாசலில் சுடச்சுடக் கடலை வாங்கி வைத்திருந்தார்.

ஒக்டோபர் 12, ஞாயிறு – வெள்ளவத்தை

கால்வலி. தோசை. நித்திரை. நனைந்த பன்பாயை பல்கனிக் கம்பியில் விரித்தேன், மூன்றாம் மாடியில் இருந்து ஒரு அன்ரி எட்டிப் பார்த்து, “இப்பவும் இது கிடைக்குதோ பிள்ளை?” என்று கேட்டுவிட்டு, மேலே ஏறி வந்து, அதில் ஒரு நிமிசம் உட்கார்ந்துவிட்டுப் போனார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

தண்டு சேற்று மணம் மணக்கிறது என்று பெரியம்மா அதைப் பத்திரிகைத்தாளில் சுற்றி, செருப்புத் தட்டுக்குக் கீழே நாடுகடத்தினார்.

ஒக்டோபர் 13, திங்கள்

அலுவல் பன்னிரண்டு நிமிசத்தில் முடிந்தது. ஆறு நாள் காத்திருந்தது ஒரு முத்திரைக்கும் ஒரு கையெழுத்துக்கும்.

பஸ் இரவுதான். மத்தியானம் காலி வீதி வழியாக நடந்தேன். பெரிய ஹோட்டல் ஒன்றின் வாசலில் பளிங்குத் தொட்டிக்குள் பப்பிரஸ் வைத்திருக்கிறார்கள், எகிப்தில் காகிதம் செய்த கோரை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அழகாய்த்தான் நிற்கிறது. காவலாளி அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஹோட்டலுக்கு வெளியே வடிகானுக்குள் அதன் ஏழைச் சொந்தம் ஒன்று, யாரும் தண்ணீர் விடாமலே.

2018இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில உடன்படிக்கை அமைப்பு முதன்முதலாக ஈரநில நகரம் என்று உலகத்தில் 18 நகரங்களுக்குப் பட்டம் கொடுத்தபோது அதில் கொழும்பும் ஒன்று. பெத்தகானப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்றைக்கு ஓட்டோத் தம்பியிடம் சொன்னேன். “அப்படியா மிஸ்? அப்ப ஏன் மழை பெஞ்சா ரோட்டுல தண்ணி?” என்றார். மழை தொடங்கியிருந்தது. பதில் சொல்லுமுன் பம்பலப்பிட்டிச் சந்தியில் எங்கள் சில்லு பாதி முழுகிவிட்டது.

ஒக்டோபர் 14, செவ்வாய் – ஊர்

இந்த முறை ஏசி ஒழுகவில்லை. வேலையே செய்யவில்லை.

அம்மா வாசலிலேயே நின்றார். சான்றிதழைப் பற்றிக் கேட்கவில்லை. பத்திரிகைத்தாளைப் பிரித்து, ஒரு முழத் தண்டை எடுத்து, விரலுக்குள் உருட்டினார். மணந்தார். பெருவிரல் நகத்தை ஒரு மூலையில் வைத்து நுனிவரை ஒரே இழுப்பு. தோல் பட்டையாக வந்தது. முழங்காலில் வைத்து இரண்டு தரம் நீவி, முறுக்கி, இழுத்துப் பார்த்தார். அறவில்லை.

“முரடுதான். ஆனா நார் இருக்கு. அங்க ஆர் இழைக்கிறாங்க?”

“ஒருத்தரும் இல்லம்மா. கால்வாய்க்குள்ள வளருதுண்டு வெட்டிக் குவிச்சிருந்தாங்க.”

அடிப்பக்கத்தைத் திருப்பி வெட்டின வாயைப் பார்த்தார். சரிவாக, இரண்டு கொத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

“பன்ன வெட்டப்படா மகள்” என்றார். “பிடுங்கணும்.”